அஞ்சு மணிக்கு ஒரு டப்பி

காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்கக்கா. அந்தக் கறுப்புப் பையில காபி இருக்கு.

இல்ல, கொட்டாது. பிளாஸ்க் கிடையாது. டப்பி. மிதிச்சா நசுங்கும், நசுங்கினா மெஷின் ஏத்துக்காது. குடுங்க, மடியிலயே வச்சுக்கிறேன். நீங்க தாம்பரமா? நான் குரோம்பேட்டையிலயே இறங்கிடுவேன். மணி என்னக்கா ஆகுது? நாலேகாலா? பஸ் கிண்டியே இன்னும் தாண்டல. அஞ்சு மணிக்கு நான் வீட்டுல இருக்கணும். இருந்தே ஆகணும்.

இந்தாங்க, பாருங்க. சின்ன ஐஸ்கிரீம் கப்பு மாதிரி இருக்கா? மேல இந்த வெள்ளி மூடியை மட்டும் தொடாதீங்க. உள்ள ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு தடவைக்குக் காபித்தூள். மெஷின் வாயில இதைப் போட்டு மூடினா மேலயும் கீழயும் ஊசி குத்தும். சுடுதண்ணி உள்ள பாயும். கீழ கப்புல கறுப்பா இறங்கும். அவ்வளவுதான், டப்பியைத் தூக்கிக் குப்பையில போட்டுடணும். அடுத்த காபிக்கு அடுத்த டப்பி. சிரிக்கிறீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். நல்லாவும் இருக்காதுக்கா. பால் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கருகின சோளத்தை ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்கும்.

அப்புறம் எதுக்கு இதைத் தேடி அலையறேன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லுவேன். காலையிலேருந்து பேச ஆளில்லாம பாரிமுனையில சுத்திட்டு வரேன்.

என் பேரு தணிகைவேல். பள்ளிப்பட்டுப் பக்கம். பிளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். ஏன் நின்னேன்னா, கெமிஸ்ட்ரி சார் போர்டுல ஒரு கணக்கைப் போட்டுட்டு புரிஞ்சுதான்னு கேட்டார். கிளாஸே தலையாட்டுச்சு. நான் எழுந்து, புரியல சார், உங்களுக்கும் புரியலன்னு நெனைக்கிறேன்னு சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அடிச்சார். பையைத் தூக்கிட்டு வந்துட்டேன். எங்கப்பா போயி மன்னிப்புக் கேளுடான்னார். தப்பே பண்ணாம எதுக்குக் கேக்கணும்? எனக்குப் பொய் மட்டும் வராதுக்கா. வாயில வராது. அதனாலயே ஒரு வேலையிலயும் நிக்க முடியல. துணிக்கடையில, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குன்னு சொல்லணும்னாங்க. எடுப்பா இல்லாத ஆளுகிட்ட அதை எப்படிச் சொல்றது?

அப்புறம்தான் ஒரு ஏஜென்சி மூலமா இந்த வேலை கிடைச்சுது. வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை, அங்கயே தங்கி. தேவசகாயம் சார்னு, டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். செங்கல்பட்டுலேருந்து திண்டிவனம் வரைக்கும் ஊருக்கெல்லாம் போன் இழுத்துக் குடுத்தவர். மனைவி தவறிட்டாங்க. ஒரே பையன், எட்வின் அண்ணா, கனடாவுல இருக்கார். வீட்டுல வேற யாரும் கிடையாது. நான், சார், மெஷின்.

மெஷின் எட்வின் அண்ணா ஒரு லீவுல வந்தப்ப கொண்டு வந்து வச்சது. அங்கத்திய கரண்ட் வேறயாம், நம்ம பிளக்ல நேரா சொருகினா எரிஞ்சுடுமாம். அதனால நடுவுல ஒரு இரும்புப் பெட்டி, செங்கல் கனம், எந்நேரமும் உர்ருன்னு முனகிட்டே கிடக்கும். ஆனா அது சும்மா காபி போடுற மெஷின் இல்லக்கா. காபி போட்ட உடனே கனடாவுல எட்வின் அண்ணா போனுக்கு மெசேஜ் போகும். காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒண்ணு. மெசேஜ் வந்தா அப்பா எழுந்துட்டார், நடமாடுறார், காபி குடிச்சுட்டார், நல்லா இருக்கார்னு அர்த்தம். வரலைன்னா அங்க அவர் போன் கத்தும். என்னை வேலைக்குச் சேர்த்தப்ப வீடியோவுல அவர் சொன்ன முதல் பேச்சே இதுதான். “தம்பி, நீ வேற எதை மறந்தாலும் பரவாயில்ல. காபி மட்டும் மிஸ் ஆகக் கூடாது.” எனக்கு முன்னாடி இருந்த பையனை அதுக்குத்தான் அனுப்பினாங்களாம்.

சார் ஆரம்பத்துல நல்லாத்தான் குடிச்சார். குடிக்கிறப்ப எல்லாம் ஒரு கிண்டல். “டேய் தணிகை, எனக்காக மெஷினை வாங்கினானா, இல்ல மெஷினுக்குத் துணையா என்னை வச்சிருக்கானா?” ரெண்டும்தான் சார்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். நல்ல மனுஷன்தான். அடம் மட்டும் ஜாஸ்தி.

ஒருநாள் வயிறு சரியில்ல, காபி வேண்டாம்னுட்டார். கொஞ்ச நேரத்துலயே போன் வந்துடுச்சு. “என்னப்பா, என்னாச்சு, ஏன் காபி குடிக்கல?”ன்னு அண்ணா பதறுறார். அப்ப சார் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். லைட் போட்ட மாதிரி. பேத்திக்குப் பல்லு முளைச்சுதா, அங்க பனி கொட்டுதா, சர்ச்ல உன்னை விசாரிச்சாங்கன்னு என்னென்னவோ பேசினார். போனை வச்சதும் என்னைக் கூப்பிட்டு, “தோசை ஊத்துடா”ன்னார். வயிறு சரியில்லாத மனுஷன் அடுக்கி வச்ச தோசையைக் காலி பண்ணிட்டுப் பொடி எங்கடான்னு கேக்குறார்.

அதுலேருந்து பிடிச்சுக்கிட்டார். காபி குடிச்சா போன் வராது. குடிக்கலைன்னா வரும். வாரத்துல ஒருநாள் வேண்டாம்பார். அப்புறம் ரெண்டு நாள். நான் டப்பியை எடுத்தா, “போடாதடா, எனக்கு இன்னைக்கு என் பையன்கிட்ட பேசணும்”பார். நேரா சொல்லிடுவார், அந்த விஷயத்துல அவரும் என்னை மாதிரிதான். அண்ணா கூப்பிடுறதுக்குள்ள சட்டையை மாத்தி, தலையைச் சீவி, சேரை ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போட்டு உக்காந்திடுவார்.

ஒருதடவை ஓவராப் போயிட்டார். காபியும் குடிக்கல, போன்ல நெஞ்சு வலிக்குதுன்னும் சொல்லிட்டார். எட்வின் அண்ணா அங்கேருந்தே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரியில சேர்த்து, இருக்கிற டெஸ்ட் எல்லாம் எடுத்து, கடைசியில வாயுன்னு சொல்லி அனுப்பினாங்க. ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டே என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார்க்கா. சத்தியமா.

அதோட முடிஞ்சுது. எட்வின் அண்ணா எனக்குத் தனியா போன் பண்ணார். சத்தம் போடல, ரொம்பச் சோர்வாப் பேசினார். “தம்பி, அவர் டிராமா பண்றார். மீட்டிங்ல பாதியில எழுந்து ஓட வேண்டியிருக்கு, எனக்கு வேலையே போயிடும் போல இருக்கு. இனிமே அவர் குடிக்கிறாரோ இல்லையோ, நீ போடு. எனக்கு மெசேஜ் வந்தா போதும்.” சரின்னேன். அப்பா செல்லையும் எடுத்து வச்சிடு, கண்ட நேரத்துல ஆபீஸுக்குக் கூப்பிடுறார்னு சொன்னார். எடுத்து வச்சேன். லாஃப்ட்ல இருக்கு.

அதனால இப்ப நான்தான் போடுறேன். போட்டு சிங்க்ல ஊத்திடுவேன். வீணாப் போகுதேன்னு ரெண்டு நாள் நானே குடிச்சுப் பார்த்தேன், கையெல்லாம் நடுங்குச்சு.

பொய்யா? இதுல பொய் எங்கக்கா இருக்கு? அப்பா குடிச்சார்னு நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. காபி போட்டாச்சுன்னு மெஷின் சொல்லுது. போட்டாச்சு. உண்மைதானே? குடிச்சாரான்னு அண்ணா கேக்கல. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்.

சாருக்குத்தான் தாங்கல. டப்பியை ஊசி குத்துற சத்தம் கேட்டாலே ரூமுக்குள்ளேருந்து கத்துவார். “போடாதடா. டேய், போடாதடா, உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்.” ஒரு காபிக்கு யாராவது இப்படிக் கத்துவாங்களா? அழுவார் கூட. நான் காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பட்டனை அழுத்திடுவேன்.

சரி, டப்பிக்கு வரேன். அண்ணா கொண்டு வந்தது தீர்ந்துடுச்சு. அங்கயே வாங்கிக்கோன்னார். வாங்கலாம்னு பார்த்தா இந்த மாதிரி டப்பியை இங்க யாரும் விக்கிறதே இல்ல. பெரிய மாலுக்குப் போயிக் கேட்டேன். கட்டைவிரல் சைஸுல அலுமினியத்துல ஒண்ணைக் காட்டினான். இது வேற மெஷினுக்குன்னேன். “அப்போ மெஷினை மாத்துங்க பாஸ்”ன்னான். செருப்பு பிஞ்சுதுன்னு போனா காலை மாத்துன்னு சொல்ற மாதிரி. ஆன்லைன்ல இருக்கு. ஆனா அந்த ஒரு டப்பி காசுல வயிறு முட்ட டிபன் சாப்பிட்டு நல்ல காபியும் குடிக்கலாம். அதை வாங்கி தினம் ரெண்டு வேளை சிங்க்ல ஊத்தணும்.

நீங்க நெனைக்கிறதையும் பண்ணிப் பார்த்துட்டேன். பழைய டப்பியைக் கழுவி, சும்மா நம்ம காபித்தூளை அடைச்சு, மேல ஃபாயில் ஒட்டி உள்ள போட்டேன். சிவப்பு லைட் எரியுது, நகர மாட்டேங்குது. மூடியில ஏதோ அடையாளம் அச்சடிச்சிருக்கான், மெஷின் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யுமாம். ஒருதடவை குத்தின மூடியைத் திரும்ப ஒட்டினாலும் கண்டுபிடிச்சுடுது. உள்ள மண்ணைப் போட்டாலும் பரவாயில்ல, மூடி மட்டும் புதுசா இருக்கணும். அப்படி ஒரு மெஷின்.

வீட்டுச் செலவுக்கு அண்ணா மாசாமாசம் ஒரே தொகைதான் போடுவார். அரிசி, பால், கேஸ், மருந்து, டப்பி எல்லாம் அதுக்குள்ள. டப்பிக்குத் தனியா வேணும்னு கேட்டேன். “எங்கயாவது சீப்பா கிடைக்கும், தேடு தம்பி”ன்னார். தேடினேன். தேடுற வரைக்கும் ஆன்லைன்ல வாங்கித்தானே ஆகணும்? அதனால முதல்ல ஆப்பிளை நிறுத்தினேன். அவர் மெல்லுறதில்ல, சப்பிட்டுத் துப்புறார். அப்புறம் மாத்திரையை நிறுத்தினேன். பிரஷர் மாத்திரை. அதையும் துப்பினார், என் மேல கோவத்துல. “நீ காபியை நிறுத்து, நான் மாத்திரையை முழுங்குறேன்”னு என்கிட்டயே பேரம் பேசினார். துப்புறதை எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? போன மாசத்துலேருந்து வாங்கல. அந்தக் காசு டப்பிக்குச் சரியாப் போச்சு.

ஏன்க்கா அப்படிப் பார்க்குறீங்க? துப்புறார்னு சொல்றேன்ல.

ஆனா இன்னைக்கு மாட்டுச்சு பாருங்க. பாரிமுனையில ஏர்போர்ட் சரக்கு விக்கிற சந்து இருக்குல்ல, சாக்லேட்டு, சென்ட்டு, அந்த மாதிரி. அங்க மாடியில ஒரு பாய் கடை. காலி டப்பியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் குடிக்கிறதுக்குச் சும்மா இருக்கலாமே தம்பி.”

“குடிக்கிறதுக்கு இல்ல பாய்.”

“பின்ன?”

“போடுறதுக்கு.”

ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் ஷாம்பு பெட்டிக்கெல்லாம் அடியிலேருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார், ஒரே தூசி. “தேதி முடிஞ்சு வருஷமாச்சு. குடிச்சு யாருக்காவது எதுனா ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல.” யாரும் குடிக்க மாட்டாங்க பாய், தைரியமாக் குடுங்கன்னேன். கிட்டத்தட்ட சும்மாவே குடுத்துட்டார். மூடி ஒண்ணு கூட கிழியல. மழைக்காலம் முடியற வரைக்கும் எனக்குக் கவலையில்ல.

என்னது, வீட்டுல யார் இருக்காங்களா? சார்தான். தனியாத்தான். பூட்டிட்டு வந்திருக்கேன், பூட்டலைன்னா கீழ் வீட்டுக்கு இறங்கிப் போயி போன் குடுங்கன்னு நிப்பார், எனக்குத்தான் அசிங்கம். இப்ப இறங்கவும் மாட்டார்னு வைங்க. நேத்துலேருந்து புது டிராமா.

நேத்து காலையில நான் பால் வாங்கிட்டு வரேன், சார் மெஷின் பக்கத்துல தரையில உக்காந்திருக்கார். அந்தப் பெட்டி ஒயரைப் பிடுங்கப் போயிருக்கார். ஷாக் எல்லாம் இல்ல, ஒயர் பிளக்லயே இருந்துச்சு, நான் பார்த்தேன். தூக்கினா எழுந்திருக்காம வேணும்னே கனமாத் தொங்குறார். இழுத்துட்டுப் போயி கட்டில்ல போட்டேன். என்னைப் பார்த்து வாயை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் பழிப்புக் காட்டுறார். நானும் காட்டினேன். ஏதோ சொன்னார், வாயில சுடுசோறு இருக்கிற மாதிரி கொழகொழன்னு. ஒரு வார்த்தை புரியல. நடிக்காதீங்க சார், அண்ணா எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டார்னு சொன்னேன். தண்ணி குடுத்தா ஒரு ஓரமா வழிய விடுறார். சட்டை மாத்தலாம்னு கையைத் தூக்கினா பொத்துன்னு போடுறார். எனக்கு ரெண்டு வேலை.

எந்தப் பக்கமா? இடது பக்கம். கையும் இடதுதான். ஏன்?

இன்னைக்குக் காலையில எழவே இல்ல. அப்படி ஒரு குறட்டை, மரத்தை ரம்பத்தால இழுக்கிற மாதிரி. ஏழு மணிக்குப் பட்டனை அழுத்தினேன். ஊசி குத்துச்சு. உள்ளேருந்து சத்தமே இல்ல. போடாதடான்னு ஒரு வார்த்தை வரல. இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் முதல் தடவை. எனக்கு என்னமோ வீடே காலியா இருக்கிற மாதிரி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம், சரி, அடம் முறிஞ்சுதுன்னு நெனைச்சுக்கிட்டேன். நிம்மதியாத் தூங்கட்டும், நாம இன்னைக்கே பாரிமுனைக்குப் போயிட்டு வந்துடலாம்னு கிளம்பினேன்.

பக்கவாதமா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க நர்ஸா? உங்க மாமியாருக்கா. அவங்களுக்கு வந்தா இவருக்கும் வரணுமா? நான் சொல்றது உங்களுக்குப் புரியல. ஆம்புலன்ஸுக்குள்ள கண்ணடிச்ச ஆளு இவர். நெஞ்சு வலின்னு துடிச்சதை நான் என் கண்ணால பார்த்தேன், அதுவும் பார்க்க நிஜம் மாதிரிதான் இருந்துச்சு.

பஸ்ஸை ஏன் நிறுத்திட்டான்? எல்லா வண்டியும் நிக்குது. ஏர்போர்ட்டுக்கு யாரோ பெரிய ஆள் வராங்களாம், கண்டக்டர் சொல்றார். போச்சு. அஞ்சு மணிக்கு எப்படிப் போறது?

எதுக்குக்கா போனை எடுக்குறீங்க? நூத்தியெட்டா? வேண்டாம்க்கா. போன தடவை ஆம்புலன்ஸ் வந்ததுக்கே அண்ணா எவ்வளவு கஷ்டப்பட்டார். என்னை அனுப்பிடுவாங்க. நான் எங்க போறது, எங்கப்பா கண்ணுல முழிக்கவா? அட்ரஸ் எல்லாம் கேக்காதீங்க.

கேட்டா சொல்லாம இருக்க முடியாது எனக்கு. ராதா நகர், தண்ணித் தொட்டி இருக்கிற தெரு, மஞ்சள் கலர் அப்பார்ட்மென்ட். ரெண்டாவது மாடி, படிக்கு இடது பக்கம். ஆமா, பூட்டியிருக்கு. சாவி வேற யார்கிட்டயும் இல்ல.

ஏன் எழுந்துட்டீங்க? இறங்கியா? இங்கயா? கையை விடுங்கக்கா, வரேன். பை, என் பை.

*

டிரெயினைப் பத்தி எனக்குத் தோணவே இல்லக்கா. திரிசூலத்துலேருந்து ரெண்டாவது ஸ்டேஷன்தான் குரோம்பேட்டை. நீங்க இல்லைன்னா அந்தப் பஸ்லயே உக்காந்திருப்பேன். இந்த வண்டி ஏன் இன்னும் கிளம்பல? மணி அஞ்சு தாண்டிடுச்சு. இந்நேரம் கனடாவுல அண்ணா போன் கத்தியிருக்கும். அங்க விடிகாலை, கண்ணு முழிச்சதும் அதைத்தான் பார்ப்பார்.

ஆம்புலன்ஸ்காரங்க என்ன சொன்னாங்க? பல்லாவரத்துல மாட்டிக்கிட்டாங்களா? அப்போ நாம முதல்ல போயிடுவோம். நான் டக்குன்னு மெஷினை மட்டும் போட்டுடறேன், ஒரு நிமிஷம்கூட ஆகாது, அப்புறம் நீங்க சாரைப் பாருங்க. ஏன் தலையில அடிச்சுக்கிறீங்க?

அண்ணா. அண்ணாதான் கூப்பிடுறார். இருங்க, பேசிடறேன்.

“சொல்லுங்கண்ணா. இல்லண்ணா, வெளியில இருக்கேன், டப்பி வாங்க வந்தேன். ஆமா, லேட்டாயிடுச்சு, ரோட்டுல வண்டி எல்லாம் நிறுத்திட்டாங்க. அப்பா வீட்டுலதான் இருக்கார். தூங்குறார்ண்ணா. காலையிலேருந்து தூங்குறார். சரிண்ணா. கிடைச்சுதுண்ணா, ரொம்ப சீப்பா. சரிண்ணா, போனதும் முதல்ல அதைப் போட்டுடறேன். சரிண்ணா, நீங்க குளிச்சுட்டு வாங்க.”

வச்சுட்டார். உங்ககிட்ட எப்படிக்கா குடுக்குறது, அதுக்குள்ள வச்சுட்டாரே. நான் எதை மறைச்சேன்? தூங்குறார்னு சொன்னேன். காலையிலேருந்துன்னும் சொன்னேன். அவர்தான், “நல்லது, தூங்கட்டும், டப்பி கிடைச்சுதா”ன்னு கேட்டார். வாயைப் பத்தி அவர் கேக்கல. கையைப் பத்தியும் கேக்கல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கேள்வி கேக்குறார்க்கா, மெஷின் மூலமா, ஆனா ஒரே கேள்விதான்.

இந்தாங்க, நீங்களே கூப்பிடுங்க. பச்சையை அழுத்துங்க. எடுக்க மாட்டார், குளிக்கப் போயிருப்பார். மணி அடிச்சுக்கிட்டே இருக்கா? திரும்ப அடிங்க.

கிளம்பிடுச்சு. நல்லவேளை.

உங்க மாமியாருக்கும் குறட்டை வந்துச்சா? குறட்டை விட்டா நல்லாத் தூங்குறாங்கன்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. எங்கப்பா குறட்டை விட்டா எங்கம்மா, பாவம் அலுப்புன்னு விசிறி விடுவாங்க. உங்க மாமியார் எத்தனை நாள் அப்படி இருந்தாங்க? அப்புறம் எழுந்தாங்கள்ல?

சொல்லுங்கக்கா. நான் நேரா கேக்குறேன்ல.

*

இந்தப் பக்கம். குறுக்கால போனா சீக்கிரம். அந்தத் தொட்டி தெரியுதா, அதுக்கு அடுத்தது. ஆம்புலன்ஸ் இன்னும் வரல. கேட்டைத் திறந்து வச்சிடுங்க, அவங்க நேரா உள்ள வரட்டும். கீழ் வீட்டு ஆன்ட்டி பார்க்குறாங்க. பார்க்கட்டும்.

நீங்க முன்னாடி ஏறுங்க. எனக்கு மூச்சு வாங்குது. ஒண்ணு யோசிச்சுக்கிட்டே வரேன்க்கா. நேத்து கட்டில்ல போட்டப்ப சார் என்னமோ சொன்னார்னு சொன்னேன்ல, கொழகொழன்னு. நாலஞ்சு தடவை அதையேதான் சொன்னார். எட்வின்னு சொல்றார்னு நெனைச்சேன். வழக்கமா அதைத்தானே சொல்லுவார். இப்ப யோசிச்சா அது எட்வின் இல்ல. தணிகை. என் பேரைத்தான் சொல்லியிருக்கார். வீட்டுல அப்ப நான்தானே இருந்தேன்.

இதான் கதவு.

காதை வச்சுப் பார்க்காதீங்கக்கா. திறங்க. சாவி இந்தாங்க. இல்ல, நீங்களே திறங்க, நான் பையைப் பிடிச்சுக்கிறேன். மேல இருக்கிற பூட்டுக்கு ரெண்டு சுத்து. கதவை உள்ள தள்ளாம உங்க பக்கம் கொஞ்சம் இழுத்துத் திருப்பணும், அப்பதான் சுத்தும். நேரா போனா ஹால். வலது கைப் பக்கம் அவர் ரூம். சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி.

சார் முழிச்சிருந்தா என்ன வேணும்னு கேளுங்க. எது கேட்டாலும் தரேன்னு நான் சொன்னதா சொல்லுங்க. போன் கேட்டா போன். தோசை கேட்டா மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. மெஷினை நான் தொட மாட்டேன்னு சொல்லுங்க, டப்பி எல்லாத்தையும் கீழயே குப்பையில போட்டுட்டு வந்துட்டான்னு சொல்லுங்க. அது உண்மை இல்லதான், பை என் கையிலதான் இருக்கு. பரவாயில்ல, சொல்லுங்க.

முழிக்கலைன்னா வெளியில வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. நான் இங்க படியிலயே உக்காந்திருக்கேன்.